கப்பல் நேரமும் மாமாவின் கடிகாரமும்

செப்டம்பர் 25, 2024, புதன் – சென்னிமலை

ஐந்து பேர், ஏழு பெட்டிகள். ஏழில் ஒன்று முழுக்க அத்தையின் பருப்புப்பொடி, ஊறுகாய், தட்டுவடை, முறுக்கு. புரட்டாசி பிறந்தால் எங்கள் வீட்டில் முட்டைகூட வாசற்படி தாண்டி வராது. கப்பலில் எந்த எண்ணெயில் எதை வறுப்பார்களோ என்ற கவலையில் அத்தைக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

மாமாவிடம் ஒரே ஒரு தோள்பை. நாற்பது வருடம் சென்னிமலைப் போர்வையை மூட்டை கட்டி, பஸ் மாறி பஸ் ஏறி, ஊர் ஊராக விற்றவர் அவர். பாஷை தெரியாத ஊரிலும் வழி கேட்டுக் கடைவீதியைப் பிடித்துவிடுவார். இந்தப் பயணத்தில் அவர் கேட்டது ஒன்றுதான். "பினாங்கில் தண்ணீர்மலை என்று ஒரு முருகன் கோயில் இருக்கிறதாம். 513 படியாம். ஏறிப் பார்த்துவிட வேண்டும்."

சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுக் கப்பல். நடுவே மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் என்று இரண்டு துறைமுகங்கள். டிக்கெட் போட்டுக்கொடுத்த ஈரோட்டு ஏஜென்ட் என் வீட்டுக்காரரிடம் உறுதியாகச் சொல்லியிருந்தார்: "பினாங்கு பெரிய ஊர், கப்பல்காரர்களின் சுற்றுலாவில் சேர்ந்துகொள்ளுங்கள். புக்கெட் வெறும் கடற்கரை, நீங்களாகவே இறங்கிச் சுற்றலாம்." இவரும் தலையாட்டிவிட்டு வந்து, பினாங்குக்கு ஆளுக்கு 62 டாலர் கட்டிவிட்டார். ஐந்து பேருக்கு நம் பணத்தில் 26,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. சுற்றுலாவில் தண்ணீர்மலை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

செப்டம்பர் 26, வியாழன் – சிங்கப்பூர்

இரவு விமானத்தில் யாரும் கண் மூடவில்லை. விடிந்ததும் மாமா தன் எச்.எம்.டி. கடிகாரத்தைக் கழற்றினார். தினமும் சாவி கொடுக்கும் பழைய கடிகாரம். கண்ணாடியில் கீறல், பட்டையில் மூன்றாவது துளை மட்டும் கிழிந்து நீண்டிருக்கும். நகத்தால் திருகியை வெளியே இழுத்து, முள்ளை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார். "இத்தோடு சரி. இனி ஊர் திரும்பும்வரை இதைத் திருக மாட்டேன். இழுத்து இழுத்துத் தலையே கையோடு வந்துவிடும்" என்றார்.

கப்பலைப் பற்றி நிறைய எழுதலாம். ஆனால் மாடி வீடு ஒன்று மிதந்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. பையன் லிஃப்டில் ஏறி இறங்கியே பொழுதைப் போக்கினான். இரவு அறைக்குள் ஒரு தாள் வைத்திருந்தார்கள், நாளைய விவரமெல்லாம் பொடி எழுத்தில். நாங்கள் படிக்கவில்லை. தாள் கெட்டியாக இருக்கிறது என்று அத்தை ஒவ்வொரு நாளும் அதை எடுத்து வைத்துக்கொண்டார்.

சாப்பாட்டுக் கூடத்தில் இந்தியச் சமையலுக்குத் தனி வரிசை உண்டு. பருப்பு, பன்னீர், ரொட்டி. அத்தை தட்டில் வெறும் சோற்றைப் போட்டுக்கொண்டு, மடியிலிருந்து பருப்புப்பொடியை எடுத்தார். பரிமாறிய பையன் குனிந்து பார்த்துவிட்டு, உருக்கிய வெண்ணெய் ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தான். யார் பெற்ற பிள்ளையோ. நான்கு நாளும் அத்தை அவன் நிற்கும் வரிசையில்தான் நின்றார்.

செப்டம்பர் 27, வெள்ளி – பினாங்கு

மதியம் கப்பல் துறையில் கட்டியபோது மேல்தளத்திலிருந்து எட்டிப் பார்த்தோம். ஊர் கீழேயே கிடந்தது. கப்பலுக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு ரோடு, அவ்வளவுதான். வாசலுக்கு எதிரே வெள்ளை மணிக்கூண்டு ஒன்று தெரிந்தது. "ஈரோட்டு மணிக்கூண்டு மாதிரியே பக்கத்தில் கடைவீதி இருக்கும் போலிருக்கிறதே" என்றார் மாமா. அப்போதே அந்தப் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

எங்களை நாற்பது பேரோடு பஸ்ஸில் ஏற்றினார்கள். சட்டையில் ஒட்ட ஆளுக்கொரு எண், எங்களுடையது 9. நான்கு பேர் எங்கோ நின்று படம் எடுத்துக்கொண்டிருந்ததால் பஸ் இருபது நிமிடம் தாமதம். வெயில் நம் ஊர்ச் சித்திரை வெயில் அல்ல, ஆனால் காற்றே நனைந்திருந்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

வழிகாட்டி நல்ல மனிதர், சீனர். எங்களைப் பார்த்ததும் "வணக்கம்" என்றார். ஆயர் ஈத்தாமில் உள்ள கெக் லோக் சி கோயிலை அவர் விளக்கிய விதத்துக்குக் குறை சொல்ல மாட்டேன். 1890களில் கட்டத் தொடங்கிய கோயில். ஏழடுக்குக் கோபுரத்தின் அடி சீனப் பாணி, நடு தாய்லாந்துப் பாணி, முடி பர்மியப் பாணி என்று விரலை உயர்த்திக் காட்டிப் பிரித்துச் சொன்னார். தனியாகப் போயிருந்தால் வெறும் கோபுரம் என்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்திருப்போம். ஆமைக்குளத்தில் பையன் ஒரு கட்டுக் கீரை வாங்கிப் போட்டான். பாசி பிடித்த ஓடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, கழுத்தை நீட்டி அவன் விரலையே பிடிக்கப் பார்த்தன.

இத்தனைக்கும் கொடுத்த நேரம் 35 நிமிடம். அடுத்த நிறுத்தம் ஒரு கடை. டுரியான் சாக்லேட், ஜாதிக்காய் எண்ணெய், காப்பித்தூள். அங்கே 50 நிமிடம்! எந்த ஊர்ச் சுற்றுலாவானாலும் சாமிக்குக் கொடுக்கும் நேரத்தைவிடக் கடைக்குக் கொடுக்கும் நேரம் அதிகம். நம் பக்கத்து வேன்காரர்களும் இதில் இளைத்தவர்கள் அல்ல. அத்தை ஜாதிக்காய் எண்ணெயை முழங்காலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, வாங்காமல் மூடி வைத்தார்.

மாமா மெதுவாக வழிகாட்டியிடம் போய் நின்றார். "தண்ணீர்மலை?" அவருக்கு இடம் உடனே புரிந்துவிட்டது. ஆனால் இன்றைய வழியில் அது இல்லை என்று தலையசைத்தார். பஸ்ஸின் ஓட்டத்தை அவர் நினைத்தாலும் மாற்ற முடியாது. மாமா திரும்பி வந்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். மாலை நெரிசலில் பஸ் ஊர்ந்தது. ஆறரைக்குத்தான் கப்பலடியில் இறக்கிவிட்டார்கள்.

ஒன்பது மணிக்குள் கப்பலேற வேண்டும். அத்தை அறைக்குப் போகலாம் என்றார். மாமா அதற்குள் ரோட்டைக் கடந்துவிட்டார். வேறு வழி? பின்னால் போனோம்.

மணிக்கூண்டு விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து அறுபது ஆண்டானதற்காக எழுப்பியது. ஆண்டுக்கு ஓர் அடியாக உயரம் 60 அடி. லேசாகச் சாய்ந்திருக்கிறது, யுத்தத்தில் விழுந்த குண்டின் அதிர்வாம். அங்கிருந்து பத்தே நிமிட நடை. மல்லிகை வாசம் வந்தது. அப்புறம் பாட்டுச் சத்தம், அப்புறம் வாழையிலை அடுக்கிய சாப்பாட்டுக் கடை. ஜார்ஜ் டவுனின் இந்த வீதிகளைச் சேர்த்துத்தான் 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. 26,000 ரூபாய் பஸ் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

குயின் தெரு மாரியம்மன் கோயிலில் நடை சாத்துவதற்குள் நுழைந்துவிட்டோம். 1833இல் எழுந்த கோயில். விபூதியை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு, "பண்ணாரியில் நிற்பது போல இருக்கிறது" என்றார் அத்தை. அன்று முழுவதும் அவர் முகம் மலர்ந்தது அப்போதுதான்.

சாப்பாட்டுக் கடைக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டதுமே, "கோயம்புத்தூர்ப் பக்கமா?" என்றார். "பசியாறிவிட்டீர்களா?" என்று அவர் கேட்ட தமிழ் அத்தைக்கு மிகவும் பிடித்துவிட்டது. அங்கே ரிங்கிட்டை வெள்ளி என்கிறார்கள். ஐந்து பேருக்கும் தோசை, சோறு, இழுத்து ஆற்றிய தேநீர் எல்லாம் சேர்த்து 58 வெள்ளி, நமக்கு 1,160 ரூபாய். சைவம்தானா என்று அத்தை மூன்று முறை கேட்டதற்கு, கல்லாவிலிருந்து எழுந்து வந்து சமையற்கட்டையே திறந்து காட்டினார்.

மாமா தண்ணீர்மலையைப் பற்றிக் கேட்டார்.

"படகு ஜெட்டியில் பத்தாம் நம்பர் பஸ் ஏறினால் கோயிலுக்குப் பக்கத்திலேயே இறங்கலாமே அய்யா. மூன்று வெள்ளிகூட ஆகாது. மத்தியானமே இறங்கியிருந்தால் படியேறிச் சாமி கும்பிட்டுவிட்டு, நிதானமாக இங்கே சாப்பிட வந்திருக்கலாம்."

மணி எட்டு. மாமா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் தேநீர்க் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 28, சனி – புக்கெட்

இங்கே கப்பல் கரையில் கட்டுவதில்லை. பட்டோங் கடற்கரைக்கு எதிரே கடலில் நங்கூரம் போட்டுவிட்டு, சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்கு அனுப்புகிறார்கள். ஏஜென்ட் சொன்ன "வெறும் கடற்கரை" இதுதான். சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்கள் முதலில் போவார்கள். மற்றவர்கள் எண்சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டும். எங்கள் எண் 17. ரேஷன் கடையில்கூட இவ்வளவு நேரம் நின்றதில்லை என்று அத்தை சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது.

தென்மேற்குப் பருவக்காற்று இன்னும் ஓயாத மாதம். படகு ஏறி இறங்கி ஆடியது. இரண்டு பணியாளர்கள் அத்தையின் இரு முழங்கைகளையும் பிடித்து, அலை மேலே தூக்கிய கணம் பார்த்து, ஒரே எட்டில் உள்ளே வைத்தார்கள். கரை சேர்ந்தபோது இவர் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "பத்து இருபதுதான் ஆகிறது! நாள் முழுக்க இருக்கிறது" என்றார். மாமா தன் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொன்று இருபது."

"அப்பா, உங்கள் கடிகாரம் ஓடுகிறதா, பறக்கிறதா?"

"இதுவா? வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூடக் குறையும். ஒரு மணி நேரம் தவறாது."

நாங்கள் சிரித்தோம். நான் உள்பட.

கடற்கரையில் டாக்சிக்காரர்கள் பலகையில் விலை எழுதி நிற்கிறார்கள். பேரம் அதிகம் இல்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒரு வேன் 1,800 பாட், நம் பணத்தில் 4,700 ரூபாய். ஓட்டியவர் ஓர் அம்மாள். எங்களைப் பார்த்துக் கைகூப்பினார். மாமாவும் பதிலுக்குக் கைகூப்ப, இருவரும் மாறி மாறி நான்கு முறை கும்பிட்டுக்கொண்டார்கள்.

பெரிய புத்தரைப் பார்க்கக் கிளம்பினோம். மலையுச்சியில் 45 மீட்டர் உயரத்தில் வெள்ளைப் பளிங்கு போர்த்திய சிலை. படத்தைக் காட்டியதும் அந்த அம்மாள் கையால் குறுக்கே வெட்டுவது போலக் காட்டினார். ஆகஸ்ட் மாதம் கனமழையில் அந்த மலைச்சரிவில் மண் சரிந்து, கீழே உயிர்ச்சேதமாகி, மேலே போகும் வழியை மூடியிருக்கிறார்கள். ஒரு மாதமாக ஊருக்கே தெரிந்த செய்தி, எங்களுக்கு மட்டும் தெரியவில்லை. கப்பலின் சுற்றுலாவில் வந்திருந்தால் திட்டத்தையே மாற்றியிருப்பார்கள். பணம் கொடுப்பது இதற்குத்தான் என்று அப்போது உறைத்தது.

அதற்குப் பதில் வாட் சாலோங் கோயிலுக்குப் போனோம். வேண்டுதல் பலித்தவர்கள் செங்கல் சூளை போன்ற ஒரு கூண்டுக்குள் சரவெடி வைக்கிறார்கள். படபடவென்று வெடித்ததும் அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டார். பையனுக்குத் தீபாவளி ஒரு மாதம் முன்பே வந்துவிட்டது. அவன் அந்த இடத்தைவிட்டு நகரவே மாட்டேன் என்றான்.

திரும்பும்போது மழை. நம் ஊர் மழை தூறிப் பார்த்துவிட்டுப் பெய்யும். இது வாளியைக் கவிழ்த்தது போலக் கொட்டியது. பட்டோங் மலைப்பாதையில் வண்டிகள் நகரவில்லை. "மணி நான்கரை ஆகப்போகிறது, பசிக்கிறது" என்று மாமா இரண்டு முறை சொன்னார். "மூன்றரைதானப்பா" என்று இவர் இரண்டு முறை திருத்தினார்.

கடற்கரைக்கு வந்து ஒரு கடையின் தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கினோம். மாம்பழத்துண்டும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோறும் ஒரு தட்டு 100 பாட். அரிசியும் மாம்பழமும் ஒரே தட்டிலா என்று அத்தை முகத்தைச் சுளித்தார். பிறகு அவரே முக்கால் தட்டைக் காலி செய்தார். கடைசிப் படகு ஐந்தரைக்கு. கைப்பேசியில் நான்கு ஐந்து. அவசரமில்லை. அத்தை பையைத் திறந்து பொட்டலம் பிரித்து, எனக்கு ஒரு முறுக்கை நீட்டினார்.

பொட்டலம் கட்டியிருந்தது கப்பலில் கொடுத்த தாள். எண்ணெய் ஊறி, எழுத்துகள் மறுபக்கம்வரை தெரிந்தன. அதைப் பார்த்துக்கொண்டேதான் முறுக்கைக் கடித்தேன். நடுவில் கட்டம் போட்டுத் தடித்த எழுத்தில் இருந்தது: புக்கெட் நேரம் கப்பல் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது, உங்கள் கைப்பேசி தானாக மாறிவிடும், கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே கடைப்பிடிக்கும்.

"மாமா, உங்கள் கடிகாரத்தில் மணி என்ன?"

"ஐந்து எட்டு, அம்மணி."

அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல வராது. மழையில் ஓடினோம். அத்தை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். முழங்கால் வலிக்காரர் எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஓடினார் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். பணம் வாங்காமல் ஓடுகிறார்களோ என்று பயந்து கடைக்காரர் பின்னால் வந்தார். இவர் நனைந்த நோட்டு ஒன்றை அவர் கையில் திணித்துவிட்டு வந்தார், மீதி வாங்கவில்லை. கடைசிக்கு முந்தைய படகில் இடம் கிடைத்தது.

மேல்தளத்திலிருந்து தலையைத் துவட்டியபடி பார்த்தபோது மணி ஆறேகால். ஒரு படகு மறுபடி கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. கப்பலின் சுற்றுலா பஸ் ஒன்று அதே மலைப்பாதையில் மாட்டிக்கொண்டதாம், அவர்களை அழைத்துவரத்தான். அவர்களுக்காகக் கப்பல் நின்றது. எங்களுக்காக நின்றிருக்காது. தவறவிட்டவர்கள் சொந்தச் செலவில் கப்பலைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று பணியாளர் ஒருவர் சிரித்தபடியே சொன்னார்.

செப்டம்பர் 29, ஞாயிறு – கடலில்

கரையே இல்லாத நாள். எனக்குத் தலை சுற்றல், எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே கிடந்தேன். மாமா பக்கத்து மேசையில் திருப்பூர்த் தம்பதி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். "ஏனுங்க, எந்த ஊருங்க?" என்று தொடங்கி ஐந்து நிமிடத்தில் அவர்கள் காங்கேயத்தில் பெண் எடுத்தவர்கள் என்பதுவரை போய்விட்டது.

அவர்கள் எங்களுக்கு நேர் எதிராகச் செய்திருந்தார்கள். பினாங்கில் நடந்தே ஊர் பார்த்து, பஸ் பிடித்துத் தண்ணீர்மலை ஏறி, மொத்தச் செலவே 90 வெள்ளி. புக்கெட்டில் கப்பலின் சுற்றுலா, முதல் படகு, நல்ல சாப்பாடு, தாமதமானாலும் கவலை இல்லை. "கப்பல் ஊரை ஒட்டி நின்றால் நடந்துவிட வேண்டும்ங்க. கடலில் நின்றால் காசு கட்டிவிட வேண்டும்ங்க" என்றார் அந்தத் திருப்பூர்க்காரர், பனியன் கணக்குச் சொல்வது போல. ஈரோட்டு ஏஜென்ட் அப்படியே தலைகீழாகச் சொன்னார் என்றதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

"மலை எப்படிங்க?" என்று மாமா அவரிடம் படிப்படியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். எங்கே திருப்பம், எங்கே நிழல், மேலே போனால் கடல் தெரியுமா.

செப்டம்பர் 30, திங்கள்

சிங்கப்பூரில் இறங்கினோம், விமானம் ஏறினோம். ராத்திரி பெருந்துறை தாண்டியதுமே அத்தை தங்கைக்குப் போன் போட்டு, அரிசியும் பருப்பும் ஊறவைக்கச் சொன்னார். எத்தனை மணியானாலும் அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிட்டுவிட்டுத்தான் படுப்பாராம். நெய் ஊற்றி, எல்லோரும் இரண்டு தட்டு.

அக்டோபர் 1, செவ்வாய் – சென்னிமலை

விடிகாலை ஐந்தரைக்குக் கதவு தட்டும் சத்தம். மாமா வேட்டி கட்டி நின்றிருந்தார். "அம்மணி, மலைக்கு வருகிறாயா?"

மேலே போக ரோடு இருக்கிறது, பஸ் இருக்கிறது. இரட்டை மாட்டு வண்டியே ஏறிய படி என்று எங்கள் ஊர்க்காரர்கள் பெருமை பேசும் மலை. 1,320 படிகள். மாமா முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டு, வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எதிரே இறங்கி வந்தவர்கள் "கப்பல் எப்படிங்க?" என்று விசாரித்ததற்கும் விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார், எண்ணிக்கை விட்டுப்போகும் என்று.

513 வந்ததும் நின்றார். அது சாதாரணப் படிதான். ஓரத்தில் யாரோ ஏற்றிய கற்பூரத்தின் கரி. கீழே ஊர் இன்னும் பனிமூட்டத்துக்குள் இருந்தது, தறிச்சத்தம் மட்டும் கேட்டது. செருப்பில்லாத காலை அந்தப் படியில் அழுத்தி வைத்து, கிழக்கே பார்த்துக் கைகூப்பினார். பிறகு உட்கார்ந்து கடிகாரத்தைக் கழற்றினார். அது இன்னும் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. திருகியை நகத்தால் மெல்ல இழுத்து, முள்ளைப் பின்னால் தள்ளினார்.

"மணி என்ன, அம்மணி?"

கைப்பேசியைப் பார்த்துச் சொன்னேன். நம்பலாமா என்பது போல ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு முள்ளை வைத்து, திருகியை அழுத்தி, கட்டிக்கொண்டு எழுந்தார்.

"இன்னும் 807 இருக்கிறது. வா."